இரயில் நிலையம் சமைத்த படைத்தலைவர்

ஒரு கட்டடத்தைப் பயன்படுத்துவோர் பலர். அதனை அமைத்தவரை எண்ணிப் பார்ப்போர் சிலரே. சாலாக் செலாத்தானில் இரயிலேறித் தலைநகர் சென்ற நம் முன்னோர் இறங்கி நடந்த கோலாலம்பூர் இரயில் நிலையத்தை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக். கட்டடக் கலைஞராகவும் போர்வீரராகவும் விளங்கிய அவரது வரலாறு அறியத்தக்கதாகும்.

1871ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்த ஹப்பேக், கட்டடக் கலை பயின்று, 1895இல் சிலாங்கூர் பொதுப்பணித் துறையில் தலைமை வரைவாளராகச் சேர்ந்தார். சென்னை உயர்நீதிமன்றத்திலும் எழும்பூர் நிலையத்திலும் நாம் காணும் இந்திய முகலாயப் பாணி வளைவுகளும் குவிமாடங்களும் அவர் கைவண்ணத்தில் இம்மண்ணிலும் எழுந்தன. கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடுமிடத்தில் ஜாமெக் பள்ளிவாசல் 1909இல் திறக்கப்பெற்றது. மறு ஆண்டில் இரயில் நிலையம் நிறைவெய்தியது.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. மலாய் மாநிலங்களின் தன்னார்வப் படையில் முன்னரே பயிற்சி பெற்றிருந்த ஹப்பேக், நாற்பது வயதைக் கடந்த நிலையிலும் வரைபலகையை விடுத்துப் போர்க்களம் புகுந்தார். மேற்குப் போர்முனையில் படைநடத்தி, 1916இல் பிரிகேடியர் ஜெனரலாக உயர்ந்தார். அவர் அங்குப் பணியாற்றிய காலத்தில், 1917ஆம் ஆண்டில், ஈப்போ இரயில் நிலையமும், கோலகங்சார் உபுடியா பள்ளிவாசலும், கோலாலம்பூர் இரயில்வே தலைமையகமும் நிறைவுற்றன. தாம் வரைந்தவை முழுமை பெறுவதை உடனிருந்து காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. வீரத்திற்கும் சேவைக்கும் அரச விருதுகள் பெற்ற அவர், போருக்குப் பின் இங்கிலாந்தில் படைப்பணியைத் தொடர்ந்து, 1948இல் 77ஆம் அகவையில் இயற்கை எய்தினார்.

2001இல் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டபின், பழைய நிலையத்தின் பரபரப்பு அடங்கியது. ஆயினும் அதன் எழில் குன்றவில்லை. அதனை வரைந்தவரின் பெயரும் நிலைத்துள்ளது. ஆனால், அந்நிலையத்தை நோக்கித் தண்டவாளம் இட்டும் பேணியும் வந்த தமிழ்த் தொழிலாளர்களுள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்? இரயில்வே அலுவலகங்களில் கணக்கெழுதிய யாழ்ப்பாணத் தமிழருள் எத்தனை பேர் நினைவிலுள்ளனர்? வரைந்தவர் பெயர் ஏட்டில் ஏறியது. சுமந்தவர் பெயர் ஏறவில்லை.

நம் ஆலயங்களுக்கும் இது பொருந்தும். கல் சுமந்தோர், மண் சுமந்தோர், வாரந்தோறும் சில்லறைக் காசு திரட்டியோர் ஆகியோரின் பெயர்களை, அவற்றைச் சொல்லவல்ல பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே எழுதி வைப்பது நம் கடமையாகும். திருப்பணி செய்தோரை மறவாதிருக்கும் நன்னெஞ்சை இறைவன் நமக்கு அருள்வானாக.