உழுதவனுக்கு உறுதி தேடியவர்: பிலிப் குணவர்த்தனா

கொழும்புத் துறைமுகத் தொழிலாளரின் சங்கத் தலைவராக விளங்கிய பிலிப் குணவர்த்தனாவைக் கொட்டாஞ்சேனைவாசிகள் பட்டினத்து அரசியல்வாதி என்றே கருதியிருக்கலாம். ஆனால் அவர் வாழ்வின் தலையாய பணி நெல்வயல் பற்றியது.

அவிசாவளைப் பகுதியிலுள்ள பொரலுகொடையில் 1901 ஆம் ஆண்டு நிலவளம் மிக்க குடும்பமொன்றில் அவர் பிறந்தார். 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அவருடைய தந்தையார் இராணுவச் சட்டத்தின்கீழ் மரண தண்டனை பெற்றுப் பின்னர் விடுதலையானவர். ஆனந்தாக் கல்லூரியிற் பயின்ற மகன், அமெரிக்கா சென்று இலினோய், விஸ்கான்சின் பல்கலைக்கழகங்களிற் கற்றார். விவசாயப் பொருளியல் அவர் கருத்தைக் கவர்ந்தது. இலண்டனில் ஏகாதிபத்திய எதிர்ப்பியக்கத்தில் உழைத்து 1932 இல் நாடு திரும்பினார். 1935 இல் இலங்கை சமசமாசக் கட்சியைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர். 1940 இற் சிறைப்பட்டு, 1942 இற் போகம்பரைச் சிறையினின்று தப்பி இந்தியா சென்று, அங்கும் சிறை கண்டார்.

1956 இல் அவர் விவசாய, உணவு அமைச்சரானார். அந்நாளில் அந்தே முறைப்படி, விளைவிற் பாதியை நிலவுடைமையாளருக்கு அளந்து கொடுத்த குடியானவர் பலர். அடுத்த போகத்தில் அதே வயல் கிடைக்குமென்ற உறுதி அவர்களுக்கில்லை. நிலைக்குமோ என்று ஐயுறும் நிலத்துக்கு எருவிட எவன் துணிவான்? நல்விதையும் கடனும் பயிற்சியும் அவனிடம் பயன்பெற வேண்டுமாயின் முதலில் அவன் கால் மண்ணில் ஊன்ற வேண்டும் என்பதே பிலிப் கண்ட உண்மை. அதன் பயனே 1958 ஆம் ஆண்டின் முதலாம் இலக்க நெற்காணிச் சட்டம். குடியானவரின் உரிமை நிலையானதும் வழிவழி வருவதுமாயிற்று. வாரம் ஏக்கருக்கு 12 புசல் அல்லது விளைவிற் காற்பங்கு, இவற்றுட் குறைந்தது என்று வரையறுக்கப்பட்டது. கிராமந்தோறும் பயிர்ச்செய்கைக் குழுக்கள் அமைய வழி வகுக்கப்பட்டது.

சட்டத்துக்குத் துணையாகப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும், 1957 இல் கமநல சேவைத் திணைக்களமும் எழுந்தன. அக்காலத்திலேயே பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தார் நம் நாட்டு முருங்கைக்காயன் நெல்லையும் இந்தோனேசியாவின் மாஸ் நெல்லையும் கலந்து எச்-4 என்னும் இனத்தை உருவாக்கினர்.

ஆயினும் எதிர்ப்பு அமைச்சரவைக்குள்ளேயே எழுந்தது. மசோதா தளர்ந்தே சட்டமாயிற்று. நிலவுடைமையாளரால் வெளியேற்றப்பட்ட குடிகளும் பலர். 1959 மே மாதம் பிலிப் பதவி துறந்தார். நிலவுடைமைக் குடும்பத்திற் பிறந்தவரே அவ்வுடைமையின் பிடியைத் தளர்த்த முனைந்தார் என்பது எண்ணத்தக்கது.

1956 இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய அரசிலே அவரும் அமைச்சராக இருந்தார் என்பதைத் தமிழர் மறத்தல் இயலாது. குடியானவனின் உரிமையை அத்துணைத் தெளிவாகக் கண்டவர், அயல்மொழியாளரின் உரிமையைக் காணாதது அவர் வாழ்வின் பெருங்குறையாகும். குறையையும் நிறையையும் ஒருங்கே எடைபோடுவதே வரலாற்றின் கடன்.

1972 மார்ச்சு மாதம் அவர் மறைந்தார். அதே ஆண்டிற் கொழும்பிற் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் தோன்றியது. அடுத்த ஆண்டு வேறொரு சட்டம் நெற்காணிச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. சட்டங்கள் மாறலாம். ஆராய்ச்சி எத்துணை உயரினும், பயிற்சி எத்துணை பரவினும், நிலத்தில் உறுதியற்றவனுக்கு அவை எட்டாக்கனியே என்று பிலிப் குணவர்த்தனா விட்டுச் சென்ற பாடம் மாறவில்லை.