தாயம் உருட்டிய கணித மேதை!

குட்டீஸ்... புதுமடம் கடற்கரை மணலில் கட்டம் கீறி, தாயம் ஆடுகிறீர்கள். பாதி ஆட்டத்தில் அம்மா கூப்பிட்டு விட்டார். காய்கள் நின்ற இடத்தைக் குறித்து வைத்தால், நாளை தொடரலாம். ஆனால், அடுத்து விழ இருந்த எண்களைக் குறித்து வைக்க முடியுமா? கம்ப்யூட்டரால் முடியும்! அதற்கு வழி காட்டியவர், ஜான் வான் நியூமன்.

ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில், 1903 டிசம்பர் 28ல் பிறந்தார். தந்தை வங்கியில் பணிபுரிந்தார். ஆறு வயதிலேயே, எட்டு இலக்க எண்களை மனதிற்குள் வகுத்து விடை சொல்வாராம்! 1926ல் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பின், அமெரிக்கா சென்றார். பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில், ஐன்ஸ்டீனும் அவரும் ஒரே காலத்தில் பணியாற்றினர்.

1946ல், இவரது நண்பர் உலாம் உடல்நலம் இன்றி ஓய்வில் இருந்தார். சீட்டு ஆடியபடியே, ஒரு யோசனை கண்டுபிடித்தார். அணுவிலிருந்து பாயும் நியூட்ரான் எந்தப் பக்கம் திரும்பும் என, முன்கூட்டியே சொல்ல முடியாது. தாயம் உருட்டுவது போல, ஆயிரக்கணக்கான முறை கணக்கிட்டுப் பார்த்தால் என்ன என்பதே அந்த யோசனை.

அதற்கு ஏராளமான எண்கள் தேவை. அன்றைய, 'எனியாக்' கம்ப்யூட்டரின் வேகமான நினைவகத்தில், 20 எண்கள் தான் அடங்கும். எல்லாவற்றையும் அட்டையில் துளையிட்டு வைத்துப் படித்தால், வேலை ஆமை வேகத்தில் தான் நடக்கும். எண்களைச் சேமிக்காமல் விட்டாலோ, கணக்கில் தவறு வந்தால் திரும்பச் சரிபார்க்க முடியாது.

நியூமன் எளிய வழி சொன்னார். 1234 என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள், 01522756. நடுவில் உள்ள 5227 தான் அடுத்த எண். அதையும் அப்படியே பெருக்கினால், 27321529. அடுத்த எண் 3215. கடைசி எண் ஒன்றை மட்டும் குறித்து வைத்தால் போதும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் எண்ணைக் கொடுத்தால், அதே வரிசை மீண்டும் வரும்!

இதில் குறையும் உண்டு. 2500ஐப் பெருக்கிப் பாருங்கள்; மீண்டும் 2500 தான் வரும்! இவை உண்மையான தாய எண்கள் அல்ல என்பதை, நியூமனே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பின், இதைவிடச் சிறந்த முறைகள் வந்தன. ஆனால், சிறிதளவு எண்களைச் சேமித்து, முழு வரிசையையும் மீட்கும் யோசனை இன்றும் பயன்படுகிறது.

அணுகுண்டு ஆய்விலும் பங்கேற்ற இவர், புற்றுநோயால், 1957 பிப்ரவரி 8ல், 53ம் வயதில் மறைந்தார்.

சரி, 3215க்கு அடுத்த எண் என்ன? நோட்டில் போட்டுப் பாருங்களேன்!