ராமன் விளைவோடு முடியாத கதை: வத்திராயிருப்பு கே.எஸ்.கிருஷ்ணன்

வேதியியல் பாடத்தில் '2, 8, 18' என்று ஒரு கணக்கு வரும். அணுக்கருவைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கூட்டிலும் அதிகபட்சம் எத்தனை எலெக்ட்ரான்கள் இருக்கலாம் என்பதுதான் அது. நாங்குநேரியில் இதை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்தக் கூடுகளைக் காந்தத்தை வைத்து ஆராய்ந்த ஒருவர் நம்ம பக்கத்துக்காரர் என்று?

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று வத்திராயிருப்பில் பிறந்தார். இன்று அது விருதுநகர் மாவட்டம். அப்போது நாங்குநேரியைப் போலவே திருநெல்வேலி ஜில்லா. மதுரை, சென்னையில் படித்துவிட்டு கல்கத்தா போய் சி.வி.ராமனிடம் சேர்ந்தார். 1928-ல் ராமன் விளைவை அறிவித்த கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தது. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. பலருக்கும் கிருஷ்ணன் கதை இத்தோடு சரி. ஆனால் அவருடைய சொந்த ஆராய்ச்சி அதன் பிறகுதான் சூடுபிடித்தது.

டாக்கா பல்கலைக்கழகத்தில் 1933 வரை இருந்த அவர், படிகங்களின் காந்தத் தன்மையில் இறங்கினார். இதற்கும் எலெக்ட்ரான் கூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஒவ்வொரு எலெக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. கூடு முழுசாக நிரம்பியிருந்தால், ஜோடி ஜோடியாகச் சேர்ந்து ஒன்றின் காந்தத்தை மற்றொன்று அடித்துவிடும். இரும்பில் எலெக்ட்ரான்கள் 2, 8, 14, 2 என்று அமைந்துள்ளன. மூன்றாவது கூட்டில் 18 பேருக்கு இடமிருந்தும் 14 பேர்தான். அதனால் சில எலெக்ட்ரான்களுக்கு ஜோடி கிடையாது. இரும்பு உப்புகளைக் காந்தம் இழுப்பது இதனால்தான்.

கிருஷ்ணன் சின்னப் படிகம் ஒன்றை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அது எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். ஒரே படிகம் ஒவ்வொரு திசையிலும் ஒவ்வொரு அளவு காந்தத் தன்மையைக் காட்டியது. அந்த வித்தியாசத்தை வைத்து, பக்கத்து அணுக்கள் இந்த எலெக்ட்ரான்களை எப்படிப் பாதிக்கின்றன என்று கண்டுபிடிக்க முடிந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. இழையும் காந்தமும் பொறுமையும்தான்.

1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1958-ல் முதல் பட்நாகர் விருதும் அவருக்கே கிடைத்தது. 1961-ல் காலமானார்.

ராமன் விளைவில் அவருடைய பங்கு எவ்வளவு என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அதைத் தள்ளி வைத்தாலும், காந்த ஆராய்ச்சி ஒன்றே அவர் பெயரைப் பாடப்புத்தகத்தில் சேர்க்கப் போதும்.