சிராங்கூன் சாலையின் மூன்றெழுத்து: பி. கோவிந்தசாமி பிள்ளை

திருமண அழைப்பிதழ்களில் ‘பிஜிபி மண்டபம்’ என்ற பெயரைப் பார்த்திராத சிங்கப்பூர்த் தமிழர்கள் குறைவு. அது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியும். அதே மூன்றெழுத்து ஒரு காலத்தில் சிராங்கூன் சாலையில் கடைப் பெயராக இருந்தது என்பதை என் வயதுக்காரர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்று தெரியவில்லை.

தமிழகத்தில் 1887ஆம் ஆண்டு பிறந்த பி. கோவிந்தசாமி பிள்ளை, 1905ஆம் ஆண்டு சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்தார். வயது 18. மளிகைக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து தொழில் கற்றார். 1929ல் செட்டியாரிடம் கடன் வாங்கிச் சொந்தமாகக் கடை நடத்தத் தொடங்கினார். கப்பல் இறங்கியதற்கும் அதற்கும் இடையே 24 ஆண்டுகள்! அதுவும் உலகப் பொருளியல் மந்தம் தொடங்கிய ஆண்டு. சிறு வியாபாரிகளை வங்கிகள் ஏறிட்டும் பார்க்காத அந்தக் காலத்தில், கிட்டங்கியில் கடன் கேட்பவருக்கு முதல் ஈடு அவருடைய நாணயம்தான்.

அந்த நாணயமே பின்னர் கடையின் முத்திரையும் ஆனது. சேலைக்குப் பெயர்பெற்ற பிஜிபி கடைகள் பெருகின. மாவு, மசாலா அரைக்கும் ஆலைகளிலும் பிள்ளை ஈடுபட்டார். அப்போது மிளகாய்த்தூள் பொட்டலத்தில் தயாரிப்புத் தேதியோ உட்பொருள் பட்டியலோ கிடையாது. தூளில் கலப்படம் இருக்காது, கூறைப்புடவையின் சாயம் போகாது என்பதற்கு வாடிக்கையாளரிடம் இருந்த ஒரே உத்தரவாதம் கடைக்காரரின் பெயர். வாங்கிய பொருள் சரியில்லை என்றால் நேரே போய்க் கேட்கலாம். கேட்க ஓர் ஆள் இருந்தார்.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தை இந்தியாவில் கழித்த பிள்ளை, போருக்குப் பின் திரும்பிவந்து தொழிலை மீண்டும் நிமிர்த்தினார்.

சம்பாதித்ததை அவர் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலின் திருமண மண்டபம் அவர் கொடை. அதை 1965ல் திறந்துவைத்தவர் அன்றைய மாநிலத் தலைவர் யூசோஃப் இஷாக். மறு ஆண்டு எழுந்த ராஜகோபுரமும் பிள்ளையின் கொடைதான். தைப்பூசத்தன்று காவடி எடுத்துப் புறப்படுபவர்கள் எல்லாரும் அந்தக் கோபுரத்தைக் கடந்துதான் தேங் ரோடு கோயிலுக்கு நடக்கிறார்கள். 1978ல் கோயில் தேசிய நினைவுச்சின்னமானது. அடுத்த ஈராண்டில், 1980ல், பிள்ளை மறைந்தார்.

பிஜிபி கடைகள் இன்று இல்லை. அது அந்தக் கடைகளுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஜான் லிட்டில் 2016ல் கடைசிக் கிளையை மூடியது. 1858ல் பிறந்த ராபின்சன்ஸ், கடையை மூடப்போவதாக 2020 அக்டோபரில் அறிவித்தது. அது செய்தித்தாள்களில் பெரிய செய்தி. சிராங்கூன் சாலையின் பழைய கடைகளோ அவ்வளவு சத்தமில்லாமல் போய்விட்டன. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. தேக்காவைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் வீவக அடுக்குமாடிகளுக்கு இடம்பெயர்ந்தார்கள். வீட்டுக்குக் கீழேயே பேரங்காடி வந்தது. அதில் இந்தியாவிலிருந்து வந்த பொட்டல மசாலாவும் கிடைத்தது. நள்ளிரவிலும் முஸ்தஃபாவில் சாமான் வாங்கலாம். இப்போது கைப்பேசியிலேயே சேலை பார்க்கிறோம். வாங்கிய சேலை பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். ஆனால் யாரிடம் அனுப்புகிறோம் என்பது தெரிவதில்லை.

கல்யாணம் என்றால் இன்று பல குடும்பங்கள் சென்னைக்கு விமானம் ஏறி, தியாகராய நகரில் பட்டு எடுத்துக்கொண்டு திரும்புகின்றன. அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு மணப்பெண் வந்து உட்காருவது, பல வேளைகளில், பெருமாள் கோயிலில் பிள்ளை கட்டிக்கொடுத்த அந்த மண்டபத்தில்.