தூக்கக் கலக்கத்தில் வந்த தாளம்

நிக்கோலாஸ் கியென், கியூபாவின் தேசியக் கவிஞர். 1902-ல் காமகுவேய் நகரத்தில் பிறந்தார். கறுப்பு, வெள்ளை இரண்டு ரத்தமும் கலந்த குடும்பம். அப்பா பத்திரிகை நடத்தியவர், செனட்டராகவும் இருந்தார். 1917-ல் நடந்த அரசியல் கலகத்தில் ராணுவம் அவரைக் கொன்றுவிட்டது. அப்போ பையனுக்கு 14 வயசு. அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலைக்குப் போனான். பிறகு ஹவானாவில் சட்டம் படிக்கச் சேர்ந்து, ஒரே வருஷத்தில் நிறுத்திட்டார். (நம்மில் சிலருக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.) கொஞ்ச காலம் கவிதையும் எழுதவில்லை.

அவருக்கு உயிரான இசை 'சோன்'. கிழக்குக் கியூபாவில் பிறந்தது. ட்ரெஸ் என்ற சின்ன கிதார், போங்கோ, மராக்காஸ், கிளாவே என்ற இரண்டு மரக்குச்சிகள், அவ்வளவுதான். ஒருத்தர் பாட, மத்தவங்க ஒரு சின்ன வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவாங்க. ஏழைக் கறுப்பர்களின் பாட்டு என்பதால் பெரிய வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தார்கள்.

1930-ல் ஒரு ராத்திரி, பாதித் தூக்கத்தில், தடித்த உதட்டைக் கேலி செய்யும் இரண்டு சொற்கள் அவர் காதில் ஒலித்தன. அந்தத் தாளம் விடவே இல்லை. மறுநாள் எழுத உட்கார்ந்துட்டார். ஏப்ரலில் 'மோதிவோஸ் தெ சோன்' என்ற எட்டுக் கவிதைகள் ஹவானா நாளிதழ் ஒன்றில் வந்தன. சோன் பாட்டின் அதே அமைப்பு. மொழியோ தெருவில் பேசுற ஸ்பானிஷ், எழுத்தை விழுங்கிப் பேசுறது உட்பட.

அதிகம் கோபப்பட்டது படித்த கறுப்பர்களே! வெள்ளைக்காரங்க நம்மைப் பார்த்துச் சிரிக்க நீயே எடுத்துக் கொடுக்கிறாயா என்ற கோபம். அதை முட்டாள்தனம்னு தள்ளிவிட முடியாது. அடிமை முறை 1886-ல்தான் ஒழிந்தது; சுத்தமான ஸ்பானிஷ் அவங்க பாடுபட்டுச் சேர்த்த மரியாதை. ஆனா கியென் பின்வாங்கவில்லை. அடுத்த வருஷமே 'சோங்கோரோ கொசோங்கோ' வந்தது. தலைப்புக்கு அகராதியில் அர்த்தம் கிடையாது, வெறும் ஓசை. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடிச்சது இந்தத் துணிச்சல்தான். பின்னாடி சால்சா பாடகர் ஹெக்டர் லாவோ அந்தப் பெயரிலேயே ஒரு பாட்டுப் பாடினார்.

1937-ல் உள்நாட்டுப் போர் நடந்த ஸ்பெயினுக்குப் போனார், கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். பாட்டிஸ்டா ஆட்சியில் வருஷக்கணக்கா நாடு திரும்ப முடியாமல் வெளிநாடுகளில் அலைந்து, 1959-ல் புரட்சி வென்ற பிறகே வந்தார். 1961 முதல் 1989-ல் இறக்கும் வரை எழுத்தாளர் சங்கத் தலைவர். பதவியில் இருந்த அந்தக் கியெனை விட 1930-ன் கியென்தான் எனக்கு நெருக்கம்.

பாம்பைக் கொல்லும் மந்திரம் போல 'சென்செமாயா'ன்னு ஒரு கவிதை எழுதியிருக்கார். மெக்சிகோவின் சில்வெஸ்த்ரே ரெவுவெல்தாஸ் 1938-ல் அதைப் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா இசையாக மாற்றினார். பாடகரே இல்லை, ஒரு சொல் கூட வராது. ஹெட்போன் போட்டுக் கேளுங்க. பெரும்பாலும் தாளம் ஏழு ஏழாக நகரும், எண்ணிப் பாருங்க.