திருகுக்கு ஒழுங்கு தந்த பட்டறைக்காரர்

ஒரு மரையாணி தொலைந்துவிட்டால் என்ன செய்வோம்? கடைக்குச் சென்று அதே அளவில் இன்னொன்று வாங்கி வருவோம். அது கச்சிதமாகப் பொருந்தும். இதில் வியப்படைய என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். 200 ஆண்டுகளுக்கு முன்பு இந்த வசதி கிடையாது, நண்பர்களே! ஒவ்வோர் ஆணிக்கும் அதற்கென்றே செய்த மரைதான் பொருந்தும். அந்த நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஹென்றி மாட்ஸ்லி. இயந்திரவியல் மாணவனாகிய எனக்கு அவர் முதலில் பாடநூலில் ஒரு பெயராக மட்டுமே அறிமுகமானார். அவர் வாழ்க்கையைப் படித்த பிறகு, அது நம் சமூகத்திற்குச் சொல்லும் செய்தி பெரிது என்று உணர்ந்தேன்.

மாட்ஸ்லி 1771-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வூல்விச் நகரில் பிறந்தார். தந்தை படையில் பணியாற்றிக் காயமுற்றவர். பின்னர் அங்கிருந்த ஆயுதச் சாலையில் வேலை பார்த்தார். மகனும் 12 வயதில் அங்கேயே வெடிமருந்து உறைகளை நிரப்பும் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு தச்சுக்கூடம், அதன்பின் கொல்லுப்பட்டறை. கல்லூரி வாசலை மிதிக்காத அச்சிறுவனின் கைத்திறன் விரைவிலேயே ஊரறிந்ததாயிற்று. 18 வயதில், புகழ்பெற்ற பூட்டுத் தயாரிப்பாளரான ஜோசப் பிராமா அவரைத் தம் பட்டறையில் சேர்த்துக்கொண்டார். யாராலும் எளிதில் திறக்க முடியாத பிராமாவின் பூட்டுக்கு வேண்டிய பாகங்களைத் துல்லியமாகச் செய்யும் கருவிகளை மாட்ஸ்லி உருவாக்கினார். தலைமைத் தொழிலாளியாகவும் உயர்ந்தார். குடும்பம் பெருகியதால் வாரம் 30 ஷில்லிங்காக இருந்த கூலியை உயர்த்தக் கேட்டார். மறுக்கப்பட்டது. 1797-இல் வெளியேறி, இலண்டனில் சொந்தமாகச் சிறு பட்டறை தொடங்கினார்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது திருகு வெட்டும் கடைசல் இயந்திரம். அக்காலத் தொழிலாளர்கள் கடைசல் கத்தியைப் பெரும்பாலும் கையில்தான் பிடித்திருப்பார்கள். கை சற்று அசைந்தாலும் புரி கோணலாகும். மாட்ஸ்லி கத்தியை இரும்புத் தாங்கியில் இறுக்கினார். அத்தாங்கியை நகர்த்த ஒரு துல்லியமான திருகுத் தண்டை அமைத்தார். அத்தண்டையும் கடையப்படும் உலோகத்தையும் பற்சக்கரங்களால் இணைத்தார். பற்சக்கரங்களை மாற்றினால் புரிகளின் இடைவெளியும் மாறும். கைக்குப் பதிலாக இயந்திரமே அளவைக் காத்தது! அவருக்கு முன்பே இங்கிலாந்தில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் போன்றோர் இம்முயற்சியில் ஈடுபட்டிருந்தனர். ஆயினும், அதைப் பட்டறையின் அன்றாடக் கருவியாக வளர்த்த பெருமை மாட்ஸ்லியையே சேரும்.

இதன் அருமையை நான் கிள்ளானில் ஒரு பட்டறையில் தொழிற்பயிற்சி பெற்றபோது நேரில் கண்டேன். செம்பனைப் பழத்தைப் பிழியும் ஆலைத் திருகுகள் அங்குப் பழுதுபார்க்க வரும். அவற்றின் புரிகள் மிக அகன்றவை. தேய்ந்த இடத்தில் உலோகத்தை உருக்கி ஏற்றி, மீண்டும் கடைய வேண்டும். கணக்கைப் பாருங்கள். புரி இடைவெளி 120 மில்லிமீட்டர், இயந்திரத்தின் திருகுத் தண்டிலோ 6 மில்லிமீட்டர் என்றால், வேலைப்பொருள் ஒருமுறை சுழல்வதற்குள் தண்டு 20 முறை சுழல வேண்டும். சாதாரணமாக ஓட்டினால் பற்சக்கரங்கள் அந்தச் சுமையைத் தாங்கா. எனவே அங்கிருந்த மூத்த அண்ணன் வரிசையையே திருப்பிப் போட்டார். மோட்டாரைக் கொண்டு தண்டைச் சுழற்றினார். வேலைப்பொருள் அதன் பின்னே மெதுவாகச் சுழன்றது. மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திய அவர், பற்சக்கரக் கணக்கை மனத்திலேயே போட்டு முடித்தார். மாட்ஸ்லியின் மரபு கிள்ளானிலும் உயிரோடு இருக்கிறது என்று அன்று அறிந்தேன்.

மாட்ஸ்லியின் புகழ் வளர்ந்தது. மார்க் புரூனலின் திட்டப்படி, போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தில் கப்பல் கப்பிகள் செய்யும் இயந்திரங்களை உருவாக்கினார். 1808 வாக்கில் அவை ஆண்டுக்கு ஏறத்தாழ 130,000 கப்பிகளைச் செய்தன. 110 பேர் செய்த வேலைக்கு 10 பேர் போதுமாயிற்று. அங்குலத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கை அளக்கும் கருவியையும் அவர் செய்தார். பட்டறையில் அளவுத் தகராறு வந்தால், தீர்ப்புச் சொல்வது அக்கருவிதான்! பின்னாளில் அவர் நிறுவனம் கப்பல்களுக்கு நீராவி இயந்திரங்களைச் செய்தது. 1825-இல் இங்கிலாந்திலிருந்து கல்கத்தா வந்த எண்டர்பிரைஸ் நீராவிக் கப்பலில் இருந்ததும் மாட்ஸ்லி நிறுவனத்தின் இயந்திரமே.

இவை எல்லாவற்றினும் சிறந்தது, அவர் ஆள்களை உருவாக்கியதுதான். ரிச்சர்ட் ராபர்ட்ஸ், ஜோசப் கிளமென்ட், ஜேம்ஸ் நாஸ்மித், ஜோசப் விட்வொர்த் ஆகியோர் அவர் பட்டறையில் பயின்று புகழ்பெற்றவர்கள். மாட்ஸ்லி 1831-இல் மறைந்தார். பத்தாண்டுகள் கழித்து, 1841-இல், விட்வொர்த் திருகுப் புரிகளுக்கு ஒரே சீரான அளவுமுறையை முன்மொழிந்தார். அது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகளிலும் பரவியது. இன்றும் நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய்களின் புரிக்கு அவர் வகுத்த 55 பாகைக் கோணமே அடிப்படை. ஆசானின் கனவை மாணவர் நிறைவேற்றினார்!

பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தும் செந்தூல் இரயில்வே பட்டறையில் உழைத்தும் நம் முன்னோர் பலர் குடும்பங்களை வளர்த்தனர். பிள்ளைகள் கையில் எண்ணெய்க் கறை படக்கூடாது என்று எண்ணியே அவர்கள் நம்மைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார்கள். அந்த அன்பு உயர்ந்தது. ஆனால், கறையோடு சேர்த்து அவர்களின் கலையையும் நாம் கழுவிவிடலாமா? நம் பட்டறைகளில் இருக்கும் மூத்தவர்களின் அறிவு எந்த நூலிலும் எழுதப்படவில்லை. அவர்கள் ஓய்வுபெற்றால் அதுவும் அவர்களோடு போய்விடும். பொறியியல் பயிலும் தம்பி தங்கையரே, விடுமுறையில் ஒரு பட்டறைக்குச் செல்லுங்கள். அவர்களிடம் கேளுங்கள், கேட்டதைத் தமிழில் எழுதி வையுங்கள். கற்றதைக் கொடுத்ததால் மாட்ஸ்லி வாழ்கிறார். கொடுக்க நம்மவர்களும் காத்திருக்கிறார்கள். பெற்றுக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.