கோர்டன் மறே: பெருநாடியில் வைத்த வால்வு

ரொறொன்ரோவில் வாழும் எம் பழைய மாணவியர் பலர் அந்நகரின் பொது வைத்தியசாலையைப் பலமுறை கடந்திருப்பர். அங்குதான் கோர்டன் மறே என்ற சத்திரசிகிச்சை நிபுணர் பணிபுரிந்தார். உயர்தர வகுப்பில் இருதயத்தை வரைந்து பெருநாடியின் அடியில் அரைமதி வால்வுகளைக் குறித்த எமக்கு அவர் கதை எளிதில் விளங்கும்.

1894இல் ஒன்ராறியோவின் கிராமப்புறத்திலே பிறந்தவர். முதலாம் உலகப் போரில் பணியாற்றினார்; மருத்துவம் பயின்றார். 1930களில் குருதி உறையாது காக்கும் ஹெபரினை நோயாளருக்கு முதன்முதலில் வழங்கியோருள் ஒருவர். 1946இல் தாமே அமைத்த செயற்கைச் சிறுநீரகத்தால் ஒரு பெண்ணின் உயிரைக் காத்தார். ஒருவரின் பெயர் நிலைக்க இவற்றில் ஒன்றே போதும்.

எம்மை அதிகம் ஈர்ப்பது 1955ஆம் ஆண்டு. வாதக் காய்ச்சலாலோ வேறு நோயாலோ பெருநாடி வால்வு சிதைந்தால், இருதயம் தள்ளிய குருதியில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்பின் பின்னும் உள்ளே திரும்பிவிடும். இடது இதயவறை விரிந்து களைத்துப்போகும். இருதய நுரையீரல் இயந்திரம் அப்போதுதான் பாவனைக்கு வரத் தொடங்கியிருந்தது. மறே, இறந்த ஒருவரிடமிருந்து எடுத்த வால்வை இருதயத்துள் அல்லாமல், நெஞ்சினூடாகக் கீழிறங்கும் பெருநாடியில் வைத்துத் தைத்தார். தலைக்கும் கைகளுக்கும் செல்லும் நாடிகள் அதற்கு முன்னரே பிரிவதால், கீழுடலிலிருந்து திரும்பும் குருதி மட்டுமே தடுக்கப்பட்டது. அரைத் தீர்வுதான். ஆயினும் இருதயத்தின் சுமை குறைந்தது. அதே இடத்தில் 1952இல் அமெரிக்கரான சார்ள்ஸ் ஹஃப்னகல் வைத்த பிளாஸ்டிக் பந்து வால்வின் ஓசை பக்கத்தில் இருப்போருக்கும் கேட்டது. மறேயின் வால்வு சத்தமின்றி இயங்கியது.

இறந்தவரின் இழையம் எத்தனை காலம் தாங்கும்? அதைத் தொடர் கண்காணிப்பு மட்டுமே சொல்ல முடியும். 1962இல் ரொறொன்ரோ வைத்தியர்கள் ஒன்பது நோயாளரின் விபரத்தை வெளியிட்டனர். அவர்களில் ஒருவர் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டிருந்தார். ஒன்பது சிறு தொகைதான். ஆனால் ஆறு ஆண்டு பெரிது. அதே ஆண்டு லண்டனில் டொனால்ட் றொஸ்ஸும் ஓக்லாந்தில் பிரையன் பரட்-போய்ஸும் மனித வால்வை அதற்குரிய இடத்திலேயே பொருத்தினர். காலப்போக்கில் இவ்வால்வுகளில் பல சுண்ணம் படிந்து இறுகின. இளையோரில் அது விரைவாக நிகழ்ந்தது. எனினும் குருதி உறையாமைக்கான மாத்திரை இவற்றுக்கு வேண்டியதில்லை. அந்த மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஊறு செய்யக்கூடும் என்பதால், தாயாக விரும்பும் பெண்களுக்கு இது சிறிய சலுகையன்று.

மறேயின் பிற்காலம் வருத்தத்துக்குரியது. 1967இல், முள்ளந்தண்டு காயமுற்று நடக்க இயலாதோரைச் சத்திரசிகிச்சையால் குணமாக்கலாம் என்று அறிவித்தார். நம்பிக்கையோடு பலர் காத்திருந்தனர். ஏனைய வைத்தியர்கள் ஆராய்ந்தபோது அக்கூற்று நிலைக்கவில்லை. வால்வு நோயாளரை ஆண்டுக்கணக்காகப் பார்த்தபின் எழுதப்பட்டதைப் போன்ற அறிக்கை அதற்கு இருக்கவில்லை. 1976இல் அவர் காலமானார்.